ஏழு சனிக்கிழமை

— பேரை மட்டும் சொல்லு மெர்வி. வேற ஒண்ணும் வேண்டாம். பேரு.

— எந்தப் பேருய்யா?

— அந்த ஆளு பேரு.

— எந்த ஆளு? இஸ்மோ, உன் கம்பளி பனியன் ஒண்ணைக்கூட அலமாரில காணோமே, என்ன ஆச்சுன்னு கேக்க வீட்லேருந்து இந்தப் பனியில வெறும் செருப்போட ஓடி வந்திருக்கேன். நீ என்னடான்னா ஆவிக் குளியல் போடுற சவுனாவோட வாசல் அறையில கோட்டும் தொப்பியுமா உக்காந்துக்கிட்டு என்கிட்ட ஆளு பேரு கேக்குற!

— பனியன் பையில இருக்கு. பை இதோ, பெஞ்சுக்கு அடியில.

— பை எதுக்கு?

— கிருனாவுக்கு. ஸ்வீடன்ல. சுரங்கத்துல லாரி ஓட்ட ஆளு கேட்டாங்க. ரெண்டு வருஷம். அஞ்சு மணிக்கு ரைமோ வண்டியோட வர்றான், அவன் கூடப் போறேன்.

— ரெண்டு வருஷமா? எப்போ முடிவு பண்ணே?

— செவ்வாய்க்கிழமை.

— இன்னைக்குச் சனி. மணி நாலு. நாலு நாளா எதிர்ல உக்காந்து நான் அவிச்ச உருளைக்கிழங்கைத் தின்னியே, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?

— நீ கேக்கல.

— "ஏன்யா, நீ ஸ்வீடனுக்குக் கம்பி நீட்டப் போறியா, அந்த உப்பை இப்படித் தள்ளு"ன்னு எந்தப் பொண்டாட்டியாவது கேப்பாளா?

— கம்பி நீட்டல. வழி விடுறேன். நான் எதுவும் சொல்லல மெர்வி. இருபத்துநாலு வருஷம் நல்லாத்தான் இருந்தோம். நீ சந்தோஷமா இரு. பேரு மட்டும் தெரிஞ்சா போதும். தெரிஞ்ச ஆளா இருந்தா, நாளைக்குக் கடையில பாக்கும்போது தலையாட்டணுமா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணணும்ல?

— அடப்பாவி மனுஷா! எனக்கு ஆளு இருக்குன்னு நெனச்சியா?

— நான் எதுவும் நெனைக்கல. பாத்ததைச் சொல்றேன்.

— என்னத்தைப் பாத்தே? சொல்லு, கேப்போம். ஒண்ணொண்ணாச் சொல்லு.

— அக்டோபர்ல பையன் அறைக்குப் படுக்க மாறிட்டே.

— உன் குறட்டை.

— இருபத்துநாலு வருஷமா இல்லாத குறட்டையா? அப்புறம் ஜன்னல். வெளியில மைனஸ் இருபத்தி அஞ்சு. நீ ராத்திரி முழுக்க ஜன்னலைத் திறந்து வச்சிருந்தே. ஏன்?

— காத்துக்கு.

— காத்துக்கா? சரி. நான் எதுவும் சொல்லல. ஏணியை மட்டும் எடுத்துக் கொட்டகையில பூட்டி வச்சேன்.

— ஏணியையா? யோவ், மாடி ஜன்னல் வழியா எவனாவது ஏறி வர்றான்னா? அந்தக் குளிர்லயா? அப்படி ஒருத்தன் வந்தா அவனுக்குச் சூடா ஒரு காபி குடுத்து ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும்!

— அது இன்னொண்ணு. காபி. நீ காபியை விட்டே. நீ! ஒரு நாளைக்கு எட்டுக் கப்பு குடிக்கிறவ. மத்தியானத்துக்கு மேல தொடவே மாட்டேங்குற. ஒயினும் இல்ல. யாரோ சொல்லித்தானே விட்டிருப்பே? நான் சொல்லி நீ எதை விட்டிருக்கே?

— ஒண்ணையும் விட்டதில்ல. அது சரி. அப்புறம்?

— செவ்வாய்க்கிழமை டவுனுக்குப் போற. ஆறு மணிக்குப் போயி எட்டரைக்கு வர்ற. மூஞ்சியெல்லாம் சிவந்து, ஒரு மாதிரி சந்தோஷமா வர்ற.

— ஐயையோ.

— பாரு, உனக்கே "ஐயையோ"ன்னு வருது. அப்புறம் புது நைட்டி. பழசு நல்லாத்தானே இருந்துச்சு, கம்பளியில, கழுத்து வரைக்கும்? இப்போ மெல்லிசா பருத்தியில மூணு வாங்கியிருக்கே. அப்புறம் உன் இடுப்புல ஒட்டியிருக்கிற பட்டை. சிகரெட்டை விடுறவங்க ஒட்டுறது. நீ சிகரெட் பிடிக்கிறதில்ல. அப்போ அவன் பிடிக்கிறான். அவன் கூடச் சேர்ந்து நீயும் பழகி, இப்போ விடப் பாக்குற.

— என்னமா யோசிச்சிருக்கேய்யா! இத்தனை நாளு லாரி ஓட்டிக்கிட்டே இதைத்தான் யோசிச்சியா?

— ரோவனியேமி ரோடு நீளம். யோசிக்க நேரம் இருக்கு. அப்புறம் நோட்டு.

— எந்த நோட்டு?

— பச்சை நோட்டு. ரொட்டி டப்பாவுக்குப் பின்னாடி. படிக்கக் கூடாதுதான். படிச்சேன். "திங்கள், ரெண்டு தடவை. செவ்வாய், ஒண்ணுமில்ல. வியாழன், அஞ்சு தடவை, பயங்கரம், பள்ளிக்கூட அடுக்களையிலேயே." மெர்வி, பள்ளிக்கூட அடுக்களையிலயா? முந்நூறு பிள்ளைங்களுக்குச் சோறு ஆக்குற இடம்!

— ஐயோ... ஐயோ... வயிறு வலிக்குது...

— நீ சிரிக்கிறே. சரி. நான் எதுவும் சொல்லல.

— இரு இரு. நான் உன்னைப் பாத்துச் சிரிக்கல. உன்னைப் பாத்துத்தான் சிரிக்கிறேன், ஆனா கேலியா இல்ல. வியாழக்கிழமை அஞ்சு தடவையா! எவனால முடியும்யா?

— அதைத்தான் நானும் ரைமோகிட்டச் சும்மா பொதுவாக் கேட்டேன்.

— ரைமோகிட்ட இதையெல்லாம் சொன்னியா?

— நோட்டைச் சொல்லல. சவுனாவைச் சொன்னேன். மத்ததெல்லாம் விடு மெர்வி. ஜன்னல், காபி, பட்டை எல்லாத்தையும் விடு. சவுனா. கல்யாணம் ஆன மொதோ சனிக்கிழமையிலேருந்து ஒரு வாரம் விட்டதில்ல. பையன் பொறந்த மாசத்துலகூட ரெண்டே சனிக்கிழமைதான் நீ வரல. இப்போ புது வருஷத்திலேருந்து ஏழு. ஏழு சனிக்கிழமை நீ இந்த வாசப்படி மிதிக்கல. நம்ம ஊரு கோர்ஹோனென் வீட்ல என்ன ஆச்சு? மொத மாசம் அவன் பொண்டாட்டி சவுனாவுக்கு வரல. ரெண்டாவது மாசம் வக்கீல் கடுதாசி வந்துச்சு. ரைமோ வீட்லயும் அதேதான். சண்டைன்னா திரும்பச் சேர்ந்துக்கலாம். சவுனா நின்னா முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

— அதனால பனியனை எடுத்துப் பையில வச்சே.

— ஆறு பனியன். ரெண்டு உனக்கு விட்டிருக்கேன். நீ தோட்ட வேலைக்குப் போடுவியே, அந்த ரெண்டு.

— இஸ்மோ.

— ம்.

— கேளு. நான் சொல்றதை முழுசா... நில்லு. ஐயோ. வந்துடுச்சு.

— யாரு? ரைமோவா?

— கதவைத் திற. சீக்கிரம் திறய்யா!

— மெர்வி, என்ன ஆச்சு? மூஞ்சி செவசெவன்னு ஆகுது! கழுத்தெல்லாம்! ஏன், சட்டையை ஏன் இப்படிப் பிய்க்கிற? நெஞ்சு வலியா? ஆம்புலன்ஸைக் கூப்பிடவா?

— கூப்பிடாதே. பனி. கொஞ்சம் பனி அள்ளிக் குடு. ரெண்டு கையிலயும். ம்... பின்னங்கழுத்துல வை. அங்கதான். ஆ...

— உடம்பு அடுப்பு மாதிரி கொதிக்குது. வேர்த்துக் கொட்டுது.

— கடிகாரத்தைப் பாரு. எவ்வளவு நேரம்னு பாரு.

— ஒரு நிமிஷம்... ரெண்டு... நெஜமா ஆம்புலன்ஸ் வேண்டாமா? மூணு.

— போயிடுச்சு. இப்போ குளிரும். அந்தக் கம்பளியைப் போத்து. கதவைச் சாத்து. பாத்துக்கிட்டியா? இதுதான்யா உன் ஆளு. நோட்டுல இருக்கிறவன் இவன்தான். வியாழக்கிழமை அஞ்சு தடவை வந்தவன்.

— இது... இது என்னது?

— மாதவிடாய் நிக்கப் போகுது. அதுக்கு முன்னாடி நடக்குற கூத்து.

— உனக்கு நாப்பத்தேழுதானே? அதெல்லாம் அம்பதுக்கு மேலதானே?

— நிக்கிறதுதான் அம்பதை ஒட்டி. அதுக்கு முன்னாடியே நாலு வருஷம், சிலருக்கு எட்டு வருஷம்கூட, உடம்பு ஒத்திகை பாக்குமாம். ஒரு மாசம் ரெண்டு தடவை வரும். அப்புறம் மூணு மாசம் எட்டியே பாக்காது. உள்ளே சுரக்கிறது ஒரு நாளு ஏறும், ஒரு நாளு தலைகுப்புற விழும். அதுக்கு ஏத்த மாதிரி நானும் ஏறி விழுறேன்.

— அப்போ சூடு?

— மூளைக்குள்ள சூட்டைப் பாத்துக்கிற இடம் ஒண்ணு இருக்காம். அது கொஞ்சம் கிறுக்காயிடும். சும்மா இருக்கும்போதே "தீப்பிடிச்சுடுச்சு"ன்னு கத்தும். உடம்பு அதை நம்பி வேர்த்துக் கொட்டும்.

— தெர்மோஸ்டாட்.

— என்னது?

— என் பழைய வண்டியில அப்படித்தான். எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்ல. சூட்டைக் கட்டுப்படுத்துற தெர்மோஸ்டாட்தான் கெட்டுப் போச்சு. மலை ஏறாமலே முள்ளு செவப்புக்குப் போயிடும். மாத்தினதும் சரியாச்சு.

— என்னுதை மாத்த முடியாது. ஆனா பட்டை ஒட்டலாம். இந்தப் பட்டை சிகரெட்டுக்கு இல்ல, முட்டாளே. உடம்புல குறைஞ்சு போனதைத் தோல் வழியாக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள விடுறது. வாரத்துக்கு ரெண்டு தடவை மாத்தணும். கூடவே ஒரு மாத்திரை. சுகாதார நிலையத்துல அந்த டாக்டரம்மா சும்மா தூக்கிக் குடுத்துடல. ரத்த அழுத்தம் பாத்தாங்க. வீட்ல யாருக்காவது மார்புல கட்டி வந்துச்சா, கால்ல ரத்தம் உறைஞ்சுதான்னு அரை மணி நேரம் தோண்டி எடுத்தாங்க. அப்புறம்தான் எழுதினாங்க. எல்லாருக்கும் இது ஒத்துக்காதாம்.

— நோட்டும் அவங்க சொன்னதா?

— நர்ஸ் சொன்னது. மூணு மாசம் எழுதிப் பாரு, எப்போ வருது, எதுக்கு அப்புறம் வருதுன்னு உனக்கே புரியும்னாங்க. புரிஞ்சுது. மூணு மணிக் காபி குடிச்சா நாலு மணிக்கு அவன் வந்து நிப்பான். ஒயின் குடிச்சா ராத்திரி ரெண்டு மணிக்குப் படுக்கையே நனைஞ்சிடும். அதான் விட்டேன். அதான் பருத்தி நைட்டி. அதான் ஜன்னல். உன் பக்கத்துல படுத்தா நீ ஒரு பக்கம் சூளை மாதிரி கொதிக்கிற, நான் ஒரு பக்கம். ரெண்டு சூளை ஒரு கட்டில்ல எதுக்குன்னு அந்த அறைக்குப் போனேன்.

— செவ்வாய்க்கிழமை?

— எடை தூக்குற வகுப்பு. எலும்பு இளைக்க ஆரம்பிக்கிற காலமாம், சதையை விட்டுடாதேன்னாங்க. பன்னெண்டு பொம்பளைங்க. எல்லாம் என் வயசு. நாப்பது கிலோ தூக்குறேன்யா இப்போ. தூக்கிட்டு நடுவுல ஒருத்திக்குச் சூடு வந்தா பதினோரு பேரும் விசிறுவோம். அதான் சிரிச்சுக்கிட்டே வர்றேன்.

— நாப்பது கிலோவா?

— வேணும்னா உன்னைப் பாதியாத் தூக்கிக் காட்டவா?

— சரி விடு. எனக்கு ஒண்ணு புரியல. இதுல மறைக்க என்ன இருக்கு? ஏன் சொல்லல?

— சொல்லலாம்னு மூணு தடவை வந்தேன். ஒரு தடவை நீ டயர் மாத்திட்டு இருந்தே. ஒரு தடவை ஐஸ் ஹாக்கி ஓடுது. மூணாவது தடவை வாயைத் திறந்தேன், அழுகை வந்துடுச்சு. நீ "வெங்காயமா?"ன்னு கேட்டே.

— வெங்காயம் நறுக்கிட்டுதானே இருந்தே?

— நறுக்கி முடிச்சு அரை மணி நேரம் ஆச்சு! கேளு இஸ்மோ. சூடு பெரிசில்ல. மறதிதான். ஒரு வியாழக்கிழமை முந்நூறு பேருக்கான பட்டாணி சூப்புல உப்பு போட மறந்துட்டேன். ஒரு பிள்ளையும் ஒரு வார்த்தை சொல்லல, வாத்தியாருங்களும் சொல்லல. எல்லாரும் குனிஞ்ச தலை நிமிராம குடிச்சுட்டுப் போனாங்க. சாயங்காலம் மிச்சத்தைச் சுவைச்சுப் பாத்தப்போதான் எனக்கே தெரிஞ்சுது. கார் சாவியை ஃப்ரிட்ஜ்ல வச்சேன். பையன் பேரு ஒரு நிமிஷம் வரல. பெத்த பையன் பேரு. எங்கம்மாவுக்கு மறதி நோய் வந்த மாதிரி எனக்கும் வந்துடுச்சு, இவ்வளவு சீக்கிரமா வந்துடுச்சுன்னு நெனச்சேன். நான் நானாவே இல்லய்யா. வேற எவளோ என் சட்டையைப் போட்டுட்டுத் திரியற மாதிரி இருந்துச்சு.

— மெர்வி...

— பயந்துடாதே. அதுவும் இந்தக் கூத்துல ஒரு பங்குதானாம். ராத்திரித் தூக்கம் இல்லாட்டி யாருக்குத்தான் பேரு ஞாபகம் இருக்கும்னு நர்ஸ் கேட்டாங்க. பட்டை ஒட்டி அஞ்சு வாரத்துல பாதி சரியாயிடுச்சு. இப்போ ஆறு மணி நேரம் தூங்குறேன். உப்பு போடுறேன்.

— போன வாரம் ரெண்டு தடவை போட்டிருந்தே.

— அது உன் மேல இருந்த கோவம்.

— சவுனாவுக்கு ஏன் வரல? அதைச் சொல்லு. அதுதான் என்னைக் கொன்னுது.

— புது வருஷத்தன்னைக்கு ஞாபகம் இருக்கா? மேல் பலகையில உக்காந்திருந்தோம். நீ கல்லு மேல தண்ணி ஊத்துன. ஆவி வந்துச்சு. அதே நேரம் உள்ளேருந்து இவனும் வந்தான். வெளியிலயும் சூடு, உள்ளேயும் சூடு. நெஞ்சு படபடன்னு அடிச்சுது, கண்ணு இருட்டிடுச்சு. செத்துட்டேன்னு நெனச்சேன்யா. எழுந்து ஓடிப் போயி பனியில விழுந்தேன். ரெண்டு நிமிஷம் மல்லாந்து கிடந்து நட்சத்திரத்தைப் பாத்துக்கிட்டு, பையனுக்குப் போன் பண்ணாமப் போறோமேன்னு நெனச்சேன்.

— நீ பனியில உருள ஓடினேன்னு நெனச்சேன். எப்பவும் உருளுவியே.

— நெனச்சேதானே? ஒரு வழியா எழுந்து உள்ள வந்தேன். நீ என்ன கேட்டே தெரியுமா? "பனி நல்லாருந்துச்சா?"

— ...கேட்டேன்.

— உன் பொண்டாட்டி செத்துப் பொழைச்சு வர்றா, பனி நல்லாருந்துச்சான்னு கேக்குற!

— நான் எப்படிக் கண்டேன்? நம்ம ஊர்ல ஒருத்தி அம்மணமா சவுனாவிலேருந்து ஓடிப் போயி பனியில விழுந்தா, சந்தோஷமா இருக்கான்னுதானே அர்த்தம்?

— அதனாலதான்யா உன் மேல முழுசாக் கோவப்பட முடியல. ஆனா எப்படிச் சொல்றது? நர்ஸ் என்னடான்னா, சவுனாவை விட வேண்டாம், கீழ்ப் பலகையில உக்காரு, சூட்டைக் குறை, பத்து நிமிஷத்துல வெளியில வா, தண்ணி குடின்னாங்க. கீழ்ப் பலகை! அது பிள்ளைங்க உக்கார்ற இடம். உங்கப்பா பொறந்ததே இந்தச் சவுனாக்குள்ளதான். உங்கம்மா எழுபத்தாறு வயசுல மேல் பலகையில உக்காந்து "இன்னும் ஊத்து"ன்னு கத்துனவங்க. கல்யாணத்தன்னைக்கே என்னை ஏற இறங்கப் பாத்துட்டு "சூடு தாங்குவியா?"ன்னு கேட்டவங்க. அந்த வீட்டு மருமக நான் போயி, "எனக்குச் சூடு ஒத்துக்கல, அறுபது டிகிரி போதும்"னு எப்படிச் சொல்றது? சொல்றதை விட வராம இருக்கிறதே மேல்னு இருந்துட்டேன்.

— அறுபது டிகிரியிலயும் சவுனா சவுனாதான்.

— உன் வாயில இந்த வார்த்தையா?

— வெளியில சொல்லிடாதே. நான் எதுவும் சொல்லல.

— ஹாரன் கேக்குது. மணி அஞ்சாகல, அதுக்குள்ள வந்துட்டான் உன் ரைமோ.

— நான் போயி அவன்கிட்ட...

— மாப்ள! இஸ்மோ! வர்றியா, கிளம்பலாமா? ரோட்டுல பனி கொட்டுது, நேரம் ஆகும்... அட. மெர்வி. நீயும் இருக்கியா.

— இருக்கேன் ரைமோ. உள்ள வா, கதவைச் சாத்து. நீதான் என் புருஷனுக்கு ஜோசியம் பாத்தவனா?

— நான் என்ன பாத்தேன்? சவுனாவுக்கு வராம ஏழு வாரம்னான். எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். "அவளுக்கு ஆளு இருக்கு மாப்ள, மனசைத் தேத்திக்க, கிருனாவுல நல்ல சம்பளம்"னேன். தப்பா?

— ரைமோ, ஆளு இல்ல. தெர்மோஸ்டாட்.

— எந்த வண்டியில?

— வண்டியில இல்லடா. மெர்விக்கு. மாதவிடாய் நிக்கிறதுக்கு முன்னாடி அப்படித்தானாம். சூடு கிளம்புமாம். தூக்கம் போயிடுமாம். ஜன்னலைத் திறந்து வைப்பாங்களாம். மறதி, கோவம், அழுகை எல்லாம் வருமாம். சவுனாவுல உக்கார முடியாதாம். இப்போதான் என் கண்ணால பாத்தேன், மூணு நிமிஷம்.

— ...எத்தனை வயசுல?

— நாப்பது தாண்டினா எப்போ வேணா ஆரம்பிக்கும் ரைமோ. ஏன் உக்காந்துட்டே?

— என்னை விட்டுப் போனப்போ பிர்க்கோவுக்கு நாப்பத்தஞ்சு.

— அவளும் ஜன்னலைத் திறந்து வச்சாளா?

— ஜன்னல் இல்ல. பால்கனி. மெத்தையைத் தூக்கிட்டுப் போயி பால்கனியில படுத்தா. நவம்பர் மாசம். என்னைப் பிடிக்காமத்தான் போறான்னு நெனச்சேன்.

— கேட்டியா அவளை?

— எதுக்குக் கேக்கணும்? பால்கனிக் கதவு இடுக்குக்குப் புது ரப்பர் போட்டேன். குளிரு வீட்டுக்குள்ள வராம.

— ரைமோ!

— நல்ல ரப்பர் மெர்வி. ஜெர்மனில செஞ்சது. அவ மறுநாளு காலையில கதவைத் திறக்கப் பாத்தா, ரப்பர் இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு. கண்ணாடியத் தட்டிட்டே நின்னா. அன்னைக்குப் பாத்த பார்வை. அந்த வசந்தத்துலேயே போயிட்டா. ஆளு இருக்கும்னு ஊரெல்லாம் சொன்னேன். ஆளை ஒருத்தரும் பாத்ததில்ல. இப்பவும் தம்பெரேல தனியாத்தான் இருக்கா.

— இந்தா, இவன் பையில இருந்த ஃபிளாஸ்க் காபி, குடி. சூடா இருக்கு.

— வேண்டாம். நான் கிளம்புறேன். மாப்ள, நீ வர்றியா? மெர்வி, இவன் வரலாமா வேண்டாமா?

— அதை அவனைக் கேளு. நான் கையைப் பிடிச்சு இழுக்க மாட்டேன். அவன் பை, அவன் பனியன்.

— வரல ரைமோ. சுரங்கத்துக்காரங்ககிட்ட நானே திங்கக்கிழமை பேசிக்கிறேன்.

— சரி. நான் போறேன். கிருனா எட்டு மணி நேரம். நடுவுல பெட்ரோல் போட நிறுத்துவேன்ல? அங்கேருந்து அவளுக்கு ஒரு போன் போடலாமா?

— போட்டு என்ன சொல்லுவே?

— தெரியல. மொதல்ல அந்த ரப்பருக்கு மன்னிப்பு கேக்கணும்.

— அதையே சொல்லு ரைமோ. அதுவே நல்ல ஆரம்பம். பாத்துப் போ, படி வழுக்கும்.

— ...போயிட்டான். பாவம்.

— பாவம் பிர்க்கோ. இஸ்மோ, இப்போ நீ உக்காரு. ஒண்ணு சொல்லணும். பாவம் பாத்து நிக்காதே.

— என்ன பாவம்?

— ஐயோ இவளுக்கு உடம்பு சரியில்லையேன்னு நிக்காதே. இது நாளைக்கே சரியாகிற விஷயம் இல்ல. இன்னும் நாலு வருஷம்கூட ஓடலாம். நடுவுல கத்துவேன். காரணம் இல்லாம அழுவேன். நீ கேக்கணும், வெங்காயமான்னு கேக்கக் கூடாது. அதையெல்லாம் சமாளிச்சுக்குவேன், எனக்கு வகுப்புல பதினோரு பேரு இருக்காங்க, நர்ஸ் இருக்காங்க, பட்டை இருக்கு. ஆனா ஒண்ணை மட்டும் என்னால சமாளிக்க முடியல.

— என்னது?

— ஏழு சனிக்கிழமையும் நான் அடுக்களை ஜன்னல்ல நின்னு இந்தப் புகைக்கூண்டைத்தான் பாத்துட்டு இருந்தேன். நாலரைக்குப் புகை கிளம்பும். ஆறு மணிக்கு நீ ஈரத் தலையும் சிவந்த மூஞ்சியுமா வீட்டுக்குள்ள வருவே. சாசேஜை எடுத்துக் கடுகு சாஸ்ல தோச்சுத் தின்னுட்டு டிவி போடுவே. "நீ இல்லாம நல்லால்ல"ன்னு ஒரு வார்த்தை சொல்லல. அந்தப் பலகையில இருபத்துநாலு வருஷமா நாம பேசினதை எல்லாம் சேர்த்தா ஒரு தபால் அட்டை நிறையாது. நான் பக்கத்துல இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்னு ஆயிடுச்சுன்னு நெனச்சேன். அதுதான்யா வலிச்சுது. சூடு இல்ல, தூக்கம் இல்ல. அது.

— சரி விடு.

— விட மாட்டேன். ஏதாவது சொல்லு.

— சொல்றதுக்கு... நான் என்ன... சரி விடு மெர்வி.

— உன்னைத் திருத்த முடியாது. சரி, எழுந்திரு. இன்னைக்கும் சனிக்கிழமைதானே? கீழ்ப் பலகையில பத்து நிமிஷம் உக்கார்றேன். தண்ணி கொஞ்சமா ஊத்தணும். கதவு ஒருக்களிச்சுத் திறந்திருக்கணும். இப்போ உள்ள எத்தனை டிகிரி இருக்கு?

— போகாதே. இரு, நான் மொதல்ல...

— ஏன், நூறுக்கு ஏத்தி வச்சிருக்கியா? தள்ளு... இஸ்மோ? இங்க என்னய்யா இருட்டா, சில்லுன்னு கிடக்கு? கல்லு பனிக்கட்டி மாதிரி இருக்கு. வாளித் தண்ணி அடி வரைக்கும் உறைஞ்சிருக்கு. பலகை மேல தூசி!

— பத்த வைக்கல.

— இன்னைக்கா?

— ஏழு வாரமா.

— பொய் சொல்லாதே. புகையை நான் பாத்தேன்.

— அது வாசல் அறை அடுப்பு. ரெண்டுக்கும் ஒரே புகைக்கூண்டுதானே?

— ஈரத் தலை?

— வெளியில போயி பனியை அள்ளித் தேச்சுப்பேன். மூஞ்சி அதுலயே சிவந்துடும்.

— ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்றரை மணி நேரம் இந்தப் பெஞ்சுல கோட்டைப் போட்டுட்டுத் தனியாவா உக்காந்திருந்தே? ஏன்யா? நான்தான் வரல. நீ உள்ள போயிருக்கலாமே?

— போயி? நீ இல்லாம அங்க உக்காந்து நான் யாருகூடப் பேசாம இருக்கிறது?